பிழைக்காசுகள்: மதிப்பும் மயக்கமும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயமே. சொல்லிலும் செயலிலும் பிறழாத நேர்மையும் நாணயமே. அச்சில் பிறழ்ந்துபோன நாணயங்களைப் பற்றியும், அவற்றின் பெயரைச் சொல்லி நாணயம் பிறழ்ந்து நடப்போரைப் பற்றியும் இம்மலரில் சில கருத்துகளை முன்வைக்க விழைகின்றேன். தமிழ்த்துறை மலருக்கு இப்பொருள் ஏற்றதா என்று ஐயுறும் அன்பர்கள் கட்டுரையின் பிற்பகுதி வரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

இக்கட்டுரைக்குக் காரணமானவர் எம் மாணவர் ஒருவர். வகுப்பு முடிந்து நான் வெளியே வருகையில் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். மடித்த காகிதத்திலிருந்து ஒரு ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஐயா, இதில் ஆண்டுக்குக் கீழே இருக்க வேண்டிய குறி விடுபட்டிருக்கிறது. இதற்கு மூன்று இலட்சம் தருவதாகச் சொல்கிறார்கள்" என்றார். சொன்னவர் யார் என்று கேட்டேன். தொலைபேசியில் பேசிய ஒருவராம், முகம் அறியார். விற்பனையைப் பதிவு செய்யக் கட்டணம் என்று 1,800 ரூபாய் முன்னரே அனுப்பியாயிற்று; இப்போது வரி என்று சொல்லி மேலும் 6,000 ரூபாய் கேட்கிறார்கள். அதைத் தாயாரிடம் கேட்டு வாங்கலாமா என்று அறியவே என்னிடம் வந்திருந்தார்.

காசைப் புரட்டிப் பார்த்தேன். அதில் குறை ஒன்றும் இல்லை. இந்திய அரசின் நாணயச் சாலைகள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் உள்ளன. மும்பைக் காசில் ஆண்டின் கீழ்ச் சாய்சதுரக் குறி இருக்கும். ஐதராபாத்துக் காசில் விண்மீனும், நொய்டாக் காசில் புள்ளியும் இருக்கும். கொல்கத்தாக் காசில் குறியே இராது. குறியின்மையே அதன் அடையாளம். அவ்வகைக் காசுகள் கோடிக்கணக்கில் நம் கைகளில் புழங்கி வருகின்றன. மாணவர் கொணர்ந்த ஒரு ரூபாய்க் காசின் விலை ஒரு ரூபாயே.

இம்மாணவர் தனியர் அல்லர். பழைய காசுகளையும் தாள்களையும் வாங்கி விற்பதாகக் கூறி, தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணம், தரகு, வரி என்று பணம் கேட்போரை நம்ப வேண்டா என 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கியே பொதுமக்களுக்கு அறிவிக்க நேர்ந்தது. அத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எவர்க்கும் அதற்கு அதிகாரம் வழங்கவில்லை என்றும் வங்கி தெளிவுபடுத்தியது. ஒரு நாட்டின் தலைமை வங்கி இப்படிச் சொல்ல வேண்டிய அளவுக்கு ஏமாற்று பெருகியிருக்கிறது என்றால், கல்லூரிகளில் இருக்கும் நாம் வாளா இருத்தல் முறையன்று.

ஆனால் "பிழைக்காசு என்பதே பொய், அதற்கு விலையே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடுவதும் உண்மையாகாது. பொய் வேரூன்ற அடியில் சிறிது மெய்ம்மண் வேண்டும். பிழைபட்ட காசுகளுள் சில பெருவிலை பெற்றிருக்கின்றன; நியாயமாகவே பெற்றிருக்கின்றன. எது பெறும், எது பெறாது என்பதே அறிய வேண்டுவது.

காசு பிறக்கும் வழி

காசு அடிக்கும் முறை தெரியாமல் காசின் பிழை தெரியாது. நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை எந்திரம் வெட்டித் தள்ளும். வில்லைகளைச் சூடேற்றி மென்மையாக்கி, கழுவி, விளிம்பை உயர்த்துவர். பிறகு மேலும் கீழும் இரு அச்சுகள் நிற்க, சுற்றிலும் ஒரு வளையம் தாங்க, நடுவில் வில்லை வந்து அமரும். ஒரே அழுத்தில் இருபக்கமும் உருவம் விழும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடியும். ஒரு நாளில் இலட்சக்கணக்கில் இது நடைபெறுகையில், ஒவ்வொரு படியிலும் அதற்கே உரிய தவறு நேர வாய்ப்புண்டு.

தகடு போதிய அளவு நகராவிட்டால் முன் வெட்டிய ஓட்டையின் மேல் கத்தி மறுபடியும் விழும். வில்லையின் ஓரத்தில் பிறைபோல் ஒரு கடி விழுந்துவிடும். வில்லை நடுவில் அமராமல் விலகி நின்றால் உருவம் ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் வெறும் உலோகமாய்ப் பளபளக்கும். இவற்றினும் வியப்பான ஒன்று உண்டு. அடிபட்ட காசு வெளியேறாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை அதன்மேல் வந்து விழும். அப்போது அந்த வில்லையின் ஒரு பக்கம் அச்சின் உருவத்தைப் பெறாமல், ஒட்டியிருக்கும் காசின் உருவத்தைப் பெறும். கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாகவும், மேடாக இருக்க வேண்டியது பள்ளமாகவும் அமைந்த காசு பிறக்கும். இந்தியக் காசுகளிலும் இவ்வகை உண்டு.

மேற்சொன்னவை வில்லைக்கு நேர்பவை. அச்சுக்கே நேரும் பிழை வேறு. மூல அச்சைக் கொண்டு எஃகில் அழுத்தியே வேலை செய்யும் அச்சு உருவாக்கப்படும். முற்காலத்தில் ஓர் அழுத்தில் உருவம் முழுதும் பதியாது. இடையில் சூடேற்றி மென்மையாக்கி மீண்டும் அழுத்துவர். இரண்டாம் முறை இம்மியளவு திரும்பிவிட்டால் எழுத்துகளும் எண்களும் இரட்டையாய் விழும். அந்த அச்சில் அடிக்கப்படும் ஒவ்வொரு காசும் அதே இரட்டையுடன் வரும். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச் சாலையில் லிங்கன் உருவம் பொறித்த ஒரு சென்ட் காசுக்கு இவ்வாறு நேர்ந்தது. ஆய்வாளர் கண்ணில் பிழை பட்டபோது அக்காசுகளில் 20,000-க்கும் மேற்பட்டவை நல்ல காசுகளின் பெருங்குவியலோடு கலந்து போயிருந்தன. குவியல் முழுவதையும் உருக்குவதா, விட்டுவிடுவதா என்று எண்ணி விட்டுவிட்டார்கள். அக்காலத்தில் அந்நாட்டில் எந்திரம் வழியாக விற்ற 23 சென்ட் சிகரெட்டுப் பெட்டிக்கு 25 சென்ட் இட வேண்டும். மீதி 2 சென்ட் பெட்டியின் உறைக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். அந்தச் சில்லறையில்தான் பலர் இரட்டை எழுத்துக் காசை முதன்முதலில் கண்டெடுத்தார்கள் என்பர்.

இதே 1955-ஆம் ஆண்டுக் காசு இன்னொரு வகையும் உண்டு. அதில் ஆண்டின் கடைசி எண் மட்டும் சற்றே இரட்டையாய்த் தோன்றும். அது தேய்ந்துபோன அச்சால் வந்த மங்கல். மூல அச்சின் பிழையன்று. சேகரிப்போர் அதனை ஏழையின் இரட்டைக்காசு என்று வேடிக்கையாக அழைக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் இரட்டையே; பிறப்பு வேறு, ஆதலின் விலையும் வேறு.

ஒரு மாணவரின் செம்புக்காசு

போர்க்காலத்தில் செம்பு தட்டுப்பட்டமையால் 1943-ஆம் ஆண்டின் ஒரு சென்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது அமெரிக்க அரசு. முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் மிகச் சில, கொள்கலன்களின் இடுக்கில் தங்கி, எஃகு வில்லைகளோடு கலந்து அச்சுக்குள் புகுந்துவிட்டன. 1947-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்டு நகரில் பதினாறு வயது மாணவர் ஒருவர், பள்ளி உணவகத்தில் கிடைத்த சில்லறையில் அத்தகைய செம்பு நிறக் காசொன்றைக் கண்டார்.

அப்போதும் ஒரு வதந்தி உலவியது. இக்காசைக் கொண்டுவருவோர்க்கு ஃபோர்டு நிறுவனம் புதிய மோட்டார் வண்டி தரும் என்பதே அது. மாணவர் விசாரித்தார், நிறுவனம் மறுத்தது. அரசின் கருவூலத்துறைக்கு எழுதினார். 1943-இல் செம்புக் காசு எதுவும் அடிக்கப்படவில்லை என்று மறுமொழி வந்தது. வதந்தியும் பொய், அரசின் மறுப்பும் பிழை. இரண்டுக்கும் நடுவில் காசு மட்டும் மெய்யாக இருந்தது. அவர் அதைத் தம் வாழ்நாள் முழுதும் வைத்திருந்தார். அவர் 2018-இல் மறைந்த பின், 2019 சனவரியில் அக்காசு 2,04,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அவர் விருப்பப்படி அத்தொகை அவ்வூர் நூலகத்துக்குச் சென்றது. எம் மாணவர்க்கு இக்கதையைச் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "அவரிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லையா ஐயா?" என்பதே.

அண்மைக் காலத்தில் இங்கிலாந்திலும் இத்தகைய ஒன்று நிகழ்ந்தது. 2008-இல் இருபது பென்ஸ் காசுக்குப் புதிய வடிவம் வந்தபோது, பின்பக்கத்தில் இருந்த ஆண்டு முன்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. பழைய முன்பக்க அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் இணைத்துச் சில காசுகள் அடிபட்டன. இருபக்கமும் ஆண்டில்லாக் காசு பிறந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் காணாத ஒன்று. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கில் விலை கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அக்காசுகளின் எண்ணிக்கை பல பத்தாயிரம் என்பது தெரிந்ததும் விலை தன் நிலைக்கு இறங்கியது. பிழை அரிதாக இருந்தால் மட்டும் போதாது; எத்துணை அரிது என்பதும் தெரிய வேண்டும்.

பிழை போல் தோன்றுவன

என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். பிழைக்கு விலை வருவது செம்மை வழக்கமாகிவிட்ட இடத்தில்தான். கையால் காசடித்த காலத்தில், உருவம் ஒதுங்கி விழுவது அன்றாட நிகழ்ச்சி. அபுல் ஃபஸல் இயற்றிய ஆயினி அக்பரி, அக்பரின் அக்கசாலையில் பணிபுரிந்தோரை விரிவாக எடுத்துரைக்கிறது. மாற்றுப் பார்ப்பவர், உருக்குபவர், உலோகத்தைக் காசளவுக்கு நறுக்குபவர், அச்சு வெட்டுபவர், இரு அச்சுகளுக்கிடையே வில்லையை வைப்பவர், சம்மட்டி அடிப்பவர் என ஒவ்வொரு வேலைக்கும் ஆள் உண்டு. எஃகில் எழுத்து வெட்டுவதில் தில்லி மௌலானா அலி அஹ்மத் நிகரற்றவர் என்றும் அந்நூல் பாராட்டுகிறது. அத்தகைய கலைஞர் வெட்டிய அச்சும் பெரும்பாலும் வில்லையைவிட அகன்றதாகவே இருந்தது. ஆகவே முகலாயர் ரூபாய்கள் பலவற்றில் மன்னர் பெயரின் ஒரு பகுதியோ, அக்கசாலையின் பெயரோ, ஹிஜ்ரி ஆண்டின் எண்ணோ காசுக்கு வெளியே போய்விட்டிருக்கும். அங்கே எழுத்து முழுதும் விழுந்த காசே அரிது. அதற்கே விலை மிகுதி. இன்றைய எந்திரக் காசில் எழுத்து விழாததே அரிது. ஒரே தோற்றம், காலம் மாறினால் பொருள் மாறுகிறது.

நம் தமிழகத்து ஆர்க்காட்டு ரூபாயைப் பாருங்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரில், ஹிஜ்ரி 1172 என்றும் ஆறாம் ஆட்சியாண்டு என்றும் பொறித்து ரூபாய் அடித்தார்கள். அம்மன்னர் 1759-இலேயே மறைந்துவிட்டார். காசோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதே ஆண்டோடு அடிபட்டு வந்தது. அறியாதவர் இதைக் கண்டால் பெரும்பிழை என்று துள்ளுவர். இது பிழையன்று, திட்டமிட்ட செயல். ஆண்டு பழகிய காசுக்குச் சராப்புகள் வட்டம் பிடித்துக்கொள்வது அந்நாளைய வழக்கம். ஆண்டை உறையச் செய்துவிட்டால் எது புதியது, எது பழையது என்று பிரித்து வட்டம் பிடிக்க இயலாது. வங்காளத்தில் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டை நிலைநிறுத்தியதும் இதற்காகவே.

இன்னொன்று, நம் முன்னோர் நன்கு அறிந்தது. 1911-ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜின் ரூபாய் வெளிவந்தது. மன்னரின் மேலங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு சிறு யானை உருவம். தும்பிக்கை குட்டையாகவும் கால் தடித்தும் அமைந்தமையால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருங்கே மனம் புண்பட்டனர். அடிக்கப்பட்ட 94 இலட்சத்தில் ஏறத்தாழ 7 இலட்சம் மட்டுமே புழக்கத்துக்கு வந்தது. எஞ்சியவற்றை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்திப் புதிய அச்சில் வெளியிட்டார்கள். இது அச்சடிப்பில் நேர்ந்த பிழையன்று. அச்சு தான் பெற்ற உருவத்தை ஒழுங்காகவே தந்தது. உருவம் வரைந்த கை, காசு சென்று சேரும் மக்களை எண்ணிப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், இலட்சம் பிழைக்காசுகளைவிட வரலாற்று மாணவர்க்கு இந்த ஒரு காசு கூடுதலாகக் கற்பிக்கும் என்பேன்.

ஏடும் காசும்

"பிழையைப் போய்ப் போற்றுவதா?" என்று எம் நண்பர் ஒருவர் கேட்டார். தமிழ் கற்றோர் இக்கேள்வியைக் கேட்கலாகாது. ஏடெழுதியவரின் கைப்பிழை இல்லையேல் பாட ஆராய்ச்சி என்னும் துறையே இல்லை. இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே அடி விடுபட்டிருந்தால், இரண்டும் ஒரு மூலத்தைப் பார்த்து எழுதியவை என்று துணிகிறோம். டாக்டர் உ.வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிப் பதிப்பித்தது, அவற்றை ஒதுக்கத்தக்க குப்பை என்று கருதாமையால் அன்றோ!

காசிலும் அப்படியே. ஓர் அச்சில் விழுந்த கீறல் அடிக்க அடிக்க நீளும். காசில் அது மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். கோடு சிறிதாக உள்ள காசு முந்தியது, நீண்டு கிடப்பது பிந்தியது. ஆண்டு பொறிக்காத பழங்காசுகளையும் இவ்வாறு முன்பின்னாக அடுக்கலாம். தென்னிந்தியாவில் கிடைத்த உரோமானியப் பொற்காசுப் போலிகள் சிலவற்றில் இலத்தீன் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகச் சிதைந்திருக்கின்றன. வெட்டியவர்க்கு இலத்தீன் தெரியாது. ஆயினும் அத்தகைய காசு தேவைப்பட்டது. கடல் வணிகம் குறித்த ஒரு செய்தியை அச்சிதைவு நமக்குத் தருகிறது. ஆகவே பிழையைப் போற்றுவதில் தவறில்லை. அதைக் கேள்வி கேட்காமல் விலை மட்டும் கேட்பதே தவறு.

கேள்வி கேட்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு காந்தம், ஒரு சிறு தராசு, ஓர் உருப்பெருக்கி போதும். 1943-ஆம் ஆண்டின் செம்புக்காசு என்று சொல்லி எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்றவர்கள் உண்டு. காந்தம் உடனே காட்டிக்கொடுக்கும். 1948-ஆம் ஆண்டு வெண்கலக் காசின் எட்டில் பாதியைச் செதுக்கி மூன்றாக்கியவர்களும் உண்டு. அங்கே காந்தம் உதவாது, உருப்பெருக்கி உதவும். 1937-ஆம் ஆண்டில் டென்வர் நாணயச் சாலையில் அச்சை மிகுதியாகத் தேய்த்துவிட்டதால் எருமையின் ஒரு கால் காணாமற்போன ஐந்து சென்ட் காசு புகழ்பெற்றது. நல்ல காசின் காலை அரத்தால் அராவி அதுபோல் ஆக்கியவர்கள் எத்தனையோ பேர். ஒரு காசின் இருபுறமும் தலையே இருந்தால், பெரும்பாலும் அது மந்திர வித்தைக்காரர் பயன்படுத்தும் காசு. இரண்டு காசுகளைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தியது. விளிம்பின் உட்புறம் பொருத்துவாயைத் தேடினால் கிடைக்கும்.

பிறைபோல் கடிபட்ட காசுக்கு ஓர் அழகிய சோதனை உண்டு. வில்லையின் விளிம்பை உயர்த்தும் எந்திரம் இருபுறமும் நெருக்கித்தான் அவ்வேலையைச் செய்யும். ஓரிடத்தில் உலோகம் இல்லையென்றால் அதற்கு நேரெதிரே அழுத்தம் குறையும். அங்கே விளிம்பு மழுங்கிப் போகும். ஆகவே பிறந்தபோதே கடிபட்ட காசில், கடிக்கு எதிர்ப்புறம் விளிம்பு மெலிந்திருத்தல் வழக்கம். பின்னர் எவரோ கத்தரித்த காசில் அந்த மெலிவு இராது. ஏமாற்றுவோர்க்கு இந்த நுட்பம் பெரும்பாலும் தெரிவதில்லை.

நாணயம் சேர்ப்போர் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. விலைப்பட்டியலை நீட்டுமுன் இத்தகைய விளக்கத்தை இளைஞர்க்கு அவர்கள் சொல்லித் தரலாம். "உங்கள் வீட்டு உண்டியலில் இலட்சங்கள்" என்று தலைப்பிட்டுச் செய்தி வெளியிடுவோர், அச்செய்தியில் ஒரு வரியாவது காசு எப்படி அடிபடுகிறது என்று எழுதலாம். 2012-இல் வெளிவந்த மாதா வைஷ்ணவ தேவி நினைவுக் காசில் பிழை ஒன்றுமில்லை. எனினும் அதற்கும் இலட்சம் என்று கதை கட்டினார்கள். அதை நம்பிக் கையிலிருந்த பணத்தை இழந்தவர்கள் பெரும்பாலும் இழக்க வசதியில்லாதவர்கள்.

எம் மாணவர் 6,000 ரூபாயை அனுப்பவில்லை. முன் அனுப்பிய 1,800 திரும்ப வரவும் இல்லை. அந்தத் தொலைபேசி எண்ணும் இப்போது ஒலிப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். வீட்டிலிருந்த பழைய தகரப் பெட்டியில் தேடியதாகச் சொல்லி, காண்டாமிருகம் பொறித்த 25 காசு ஒன்றைக் காட்டினார். 2011 சூன் 30-உடன் செல்லாததாகிவிட்ட காசு. ஓரத்தில் பிறைபோல் ஒரு கடி. நான் வாய் திறப்பதற்குள் அவரே எதிர்ப்புறத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார், விளிம்பு மழுங்கியிருந்தது. விலையைப் பற்றி அவர் பேசவில்லை. "தகடு எந்தப் பக்கமிருந்து நகர்ந்திருக்கும் ஐயா?" என்று கேட்டார். அதற்கு விடை எனக்கும் உடனே தோன்றவில்லை. துறை அறையில் உருப்பெருக்கியை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம்.